தவிட்டுத் தூசி

"ஆன்டி, வீட்ல என்ன வேலை செய்றீங்க?"

கிளாங்கில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் அந்த இளம் டாக்டரம்மா கேட்டபோது, இருமல் அடங்கிய பிறகுதான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

"புழு வளர்க்கிறேன் டாக்டர். மீல்வர்ம். பறவைக்கு, மீனுக்கு, முள்ளெலிக்குப் போடுவாங்களே, அது."

"எங்க வச்சு வளர்க்குறீங்க?"

"பின்ரூம்ல. ஜன்னலைச் சாத்தித்தான் வைப்பேன். பல்லி வந்துரும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நான் ஆலையில் தையல் வேலை பார்த்தவள். ஆலையை மூடியதும் சும்மா இருக்க முடியாமல், சின்ன டப்பா ஒன்றில் புழு வாங்கி, கோதுமைத் தவிட்டில் விட்டேன். புழு கூட்டுப்புழுவாகும், அது வண்டாகும், வண்டு முட்டையிடும். கூட்டுப்புழுவை அப்போதைக்கப்போது பொறுக்கித் தனி டிரேயில் போடாவிட்டால் வண்டு கடித்துத் தின்றுவிடும். ஈரத்துக்கு கேரட் துண்டு போதும். இதெல்லாம் கெட்டுக் கெட்டுத்தான் பழகியது. பிறகு பின்ரூம் முழுக்க டிரே அடுக்கினேன். கடைக்காரர்களே "புழு அக்கா" என்று போன் செய்து கேட்டார்கள். தையல் ஆலையில் அத்தனை வருடம் இருந்தும் யாருக்கும் என் பெயர் தெரியாது.

புழு தின்றது போக, தவிட்டுக்கு அடியில் மணல் போலச் சேர்வது அதன் எச்சம். அதைச் சல்லடையில் சலிக்கும்போது புகையாகக் கிளம்பும். முதலில் தும்மல் வந்தது. பிறகு கையில் அரிப்பு. படுத்தால் நெஞ்சில் விசில் சத்தம். என் வீட்டுக்காரர், "தூசி ஒத்துக்கலபோல, மாஸ்க் போட்டுக்கோ சாந்தி" என்றார். போட்டால் வியர்க்கிறது என்று கழற்றிவிடுவேன்.

"இனி மாஸ்க் போட்டாலும் பத்தாது ஆன்டி. அந்தத் தூசி உங்களுக்கு அலர்ஜி ஆயிடுச்சு. ரூமுக்குள்ளயே போகக்கூடாது" என்றார் டாக்டரம்மா.

டிரேக்களை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். பூச்சோங்கில் இருக்கும் குமார் தம்பி என்னிடம் ரொம்ப நாளாகப் புழு வாங்குபவர், முள்ளெலி வளர்ப்பவர். தானே லோரி பிடித்து வந்தார். நான் வாசலில் நின்றபடி, எதை எங்கே வைப்பது என்று சொன்னேன். அவர் ஒவ்வொரு டிரேயாகத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க மனசு வரவில்லை. தண்ணீர் எடுக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் குமாரிடமிருந்து வீடியோ கால் வந்தது.

"அக்கா, தவிட்டு மேல மாவு மாதிரி ஏதோ ஊருது. புழு எல்லாம் மேல வந்து கிடக்குது. பாருங்களேன்!"

"அது தானிய உண்ணி தம்பி. ஈரம் ஜாஸ்தி. கேரட்டை எடுத்துடுங்க. தவிடு எப்படி மணக்குது?"

"தவிடு மாதிரிதான் மணக்குது லா."

"புளிச்ச மணமா, காரமா, பழைய அரிசி மாதிரியா?"

"தெரியலயே அக்கா."

நான் அங்கே இருந்திருந்தால், முகர்ந்ததுமே எந்த டிரேயைத் தூக்கிப் போடுவது, எதைக் காப்பாற்றலாம் என்று தெரிந்திருக்கும். கிளாங்கில் உட்கார்ந்துகொண்டு ஸ்கிரீனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து என்ன செய்ய? "நான் வரட்டா?" என்று கேட்டும்விட்டேன். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கி, "தம்பி, அவளால முடியாதுப்பா" என்றார்.

அடுத்த வாரத்துக்குள் எல்லா டிரேயும் போய்விட்டது. குமார் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. எழுதிக் கொடுக்கக்கூடியதை எல்லாம் கொடுத்தேன். மூக்கும் விரலும் அறிந்ததை, நெஞ்சு நன்றாக இருந்தபோதே ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுக்க எனக்கு நேரம் இருந்தது. முகர்ந்து பார்ப்பதும் தொழிலில் ஒரு பாடம் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: சலிப்பதைக் காற்றோட்டமான வெளியில் செய்யுங்கள், முதல் நாளிலிருந்தே மாஸ்க் போடுங்கள். வியர்க்கத்தான் செய்யும். இன்னொருவரையும் கூடவே நிற்கவைத்து, தவிட்டை அள்ளி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் நெஞ்சு நன்றாக இருக்கும்போதே.