பஸ்ஸில் கேட்ட தேனீப் பெட்டி

களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்தில் இருந்தார். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. அதற்கு அன்றுதான் ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் என்றார். மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த நாள். பேசும்போதும் காதிலிருந்த இயர்போனை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

“பாட்டில்ல தம்பி, என்ட தேனீப் பெட்டி. உள்ளுக்கு மைக் வெச்சிருக்கன். அங்க நடக்கிற சத்தம் போனில கேக்கும்.”

ஆரையம்பதி தாண்டியதும் அவர் முகம் மாறியது. இயர்போனை என் காதில் வைத்தார். மழை ஓய்வதுபோல இரைச்சல் மெலிந்துகொண்டு வந்தது.

“பக்கத்து வயல்ல மருந்தடிக்கிறாங்க போல. தேனீ கூட்டுக்குத் திரும்பினாப்பிறகு பின்னேரம் அடிங்க எண்டு கெஞ்சினன். வெளிய போன பூச்சி திரும்பி வருகுதில்ல.”

வீட்டுக்குப் போன் எடுத்துப் பார்த்தார். பதில் இல்லை. நாவற்குடாவில் பஸ் நின்றதும் பையோடு எழுந்தார்.

“ஒப்பரேசன விட்டுட்டுப் போய் என்னக்கா செய்வீங்க?”

“ஒண்டும் செய்ய ஏலாது. ஆனா கேட்டுட்டு எப்பிடித் தம்பி இருக்கிற?”

இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிரே வந்த பஸ்ஸை மறித்து ஏறினார். பெட்டியில் எத்தனை உயிர் மிஞ்சியதோ, ஆஸ்பத்திரியில் அவருக்கு இன்னொரு நாள் கொடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதையும் அன்று நான் கவனிக்கவில்லை.