ஒரிஜினலை அனுப்பாதீர்!

வேலை கிடைக்கிறவரை விரல்களைச் சும்மா விடாமல் பார்த்துக்கொள்கிற இடத்துக்குத்தான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் என்று பெயர். எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடி ஒன்றில் நான் அங்கே டீச்சராக இருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே தடதட. அடிக்கிற பிள்ளைகளின் கண் தாளில் இருக்காது. தபால்காரர் வருகிறாரா என்று ஜன்னலில் இருக்கும். உங்களில் பலரும் அப்படி ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களாகத்தான் இருப்பீர்கள்.

பம்பாய்க்குப் போனது

கிளிஞ்சல்மேட்டிலிருந்து சைக்கிளில் வருவான் கலியமூர்த்தி. அவன் வீட்டில் பி.யூ.சி. முடித்த முதல் ஆள். பம்பாயில் ஏதோ கப்பல் கம்பெனிக்கு ஆள் வேண்டும், சான்றிதழ்களின் ஒரிஜினலை அனுப்புக என்று ஒரு விளம்பரம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டான். அதற்கப்புறம் பையன் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. அரைப்பக்கம் அடிப்பான், எழுந்து தபாலாபீசுக்கு ஓடுவான், திரும்பி வந்து மீதியைத் தப்புத்தப்பாக அடிப்பான். அவன் போட்ட நினைவூட்டுக் கடிதம், அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

விசாரிக்க அவன் அப்பா கடலிலிருந்து நேரே வந்தார். ஈரம் காயாத கைலி, கையில் துண்டு. நகல் சான்றிதழுக்கு எங்கே எழுத வேண்டும் என்று நான் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சொன்னார்: "கடல்ல அறுந்து போன வலைகூட என்னிக்காவது கரை ஒதுங்கும் டீச்சர். தபால்ல போனது எந்தக் கரையிலங்க ஒதுங்கும்?"

பலகை

அன்றைக்கே கலியமூர்த்தியும், அவனோடு படித்த ஆரோக்கியதாசும், செல்வியும் சேர்ந்து ஒரு பிளைவுட் பலகையைப் பிடித்து மாடிப்படி ஏறுகிற இடத்தில் மாட்டினார்கள். தலைப்பு: 'ஒரிஜினலை அனுப்பாதீர்!' தெரியாத ஆளுக்குப் போட்டோ கொடுக்காதே, நியமன உத்தரவு இல்லாமல் வேலையில் சேராதே என்று வாரா வாரம் டைப் அடித்து ஒட்டினார்கள். இன்ஸ்டிடியூட்டில் அத்தனை சுத்தமாக அவர்கள் வேறு எதையும் அடித்ததில்லை.

சந்தேகமான விளம்பரங்களைப் பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டி, குறுக்கே சிவப்பு மையால் பெருக்கல் குறி போடலாம் என்பது தாசின் யோசனை. ஒட்டிய மறுநாள் படியில் கூட்டம். பரவாயில்லையே என்று எட்டிப் பார்த்தால், பெருக்கல் குறி போட்ட முகவரிகளை ஒவ்வொருத்தரும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தாஸ் பதறிப் போய், "அண்ணே, இதெல்லாம் போலிண்ணே!" என்று கத்தினான்.

டிகிரி முடித்து வெகுநாளாகச் சும்மா இருந்த ஒருவர் பேனாவை எடுக்காமலே பதில் சொன்னார்: "போலியா இருந்துட்டுப் போவட்டும் தம்பி. பதில் போடுவானுவல்ல?"

கரித்தாள்

செல்வி திருநள்ளாறு பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். அவள் வீட்டுக்கு ஒருநாள் பெயர் போடாத கடிதம் வந்தது. அவள் வயது, உயரம், படிப்பு எல்லாம் சரியாக எழுதி, சந்திக்கலாமா என்று கேட்டிருந்தது. இரண்டாவது கடிதமும் வந்ததும் அவள் அப்பா படிப்பு போதும் என்று நிறுத்திவிட்டார். சொல்லிவிட்டுப் போக வந்தவள் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு எழுத்தும் அடிக்காமல் அழுதாள். எனக்கும் அன்று பாடம் ஓடவில்லை. இங்கே வந்து போகிற யாரோதான் என்று தெரிந்தது, யார் என்று தெரியவில்லை.

அவள் கொண்டுவந்திருந்த கடித உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கலியமூர்த்தி, கதவு எண் பதினான்குக்குப் பதில் நாற்பத்தொன்று என்று இருப்பதைக் காட்டினான். செல்வி சட்டென்று நிமிர்ந்தாள். ஒரு வேலை விண்ணப்பத்தில் அவளே அப்படித் தப்பாக அடித்து, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருந்தாள். அடியில் வைத்த புதுக் கார்பன் தாளைக் கிழிக்கவில்லை; குப்பைக்கூடையில் போட்டுவிட்டாள். மனு அடிக்கக் கொடுத்துவிட்டு அந்தக் கூடைக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார் ஒருவர். தாஸ் போய் நேராகக் கேட்டான். அந்த ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார், பிறகு வரவேயில்லை.

கார்பனைக் கூடையில் போடாதே என்று அந்த வாரப் பலகையை எழுதியது செல்விதான். அவள் அப்பா வந்து படித்தார். ஒருமுறை அடித்த கார்பன் ஒன்றைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்: "நாளையிலேருந்து புள்ளை வரும்ங்க. இதை மட்டும் கொளுத்திப்புடுங்க."

என் முறை

வேலைப் பாதுகாப்பு பற்றி எழுதும்போது பிள்ளைகள் ஊரில் வேலையில் இருக்கிற எல்லோரிடமும் போய், நியமன உத்தரவு உண்டா என்று கேட்டார்கள். கடைசியில் என்னிடம் வந்தார்கள். நாளைக்கு வரலாம்மா என்று முதலாளி வாயால் சொன்னதுதான் என் உத்தரவு. மெட்ராசில் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம், இனிமேல் டைப்பிஸ்டே வேண்டாமாம் என்று வேறு அப்போது பேச்சு. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் எனக்கான உத்தரவை நானே பிழையில்லாமல் அடித்து முதலாளி மேஜையில் வைத்தேன்.

"நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்க, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். நான் நகரவில்லை. கதவுக்கு வெளியே மூன்று தலைகள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். 'நிரந்தரப் பணியாளர்' என்ற இடத்தில் பேனா நின்றது. 'நிரந்தர' என்பதை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்கே யாரும் அப்படி எழுதித் தரலையேம்மா."

ஆகவே, ஊருக்கெல்லாம் விண்ணப்பம் அடித்துத் தருகிற என் இனத்தாரே, அடுத்த தாளைச் செருகும் முன் உங்கள் நாற்காலிக்கு நாலு காலும் இருக்கிறதா என்று கொஞ்சம் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.