மெல்பர்னில் ஒரு படித்த சேம்பு

பக்கத்து வீட்டு மார்கரெட் ஒரு சேம்பிலைக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றுதான், இந்த நாட்டில் எனக்கு இன்னும் பழகாதது நிறைய இருக்கிறது என்று தெரிந்தது. மெல்பர்ன் வந்து சில வருஷம் ஆகிவிட்டது. நாயைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதெல்லாம் இப்போது கண்ணை உறுத்துவதில்லை. இது உறுத்தியது. ஈரத் துணியால் ஒவ்வொரு இலையையும் மேலும் கீழும் துடைக்கிறாள். பக்கத்தில் ஒரு சின்ன எந்திரம் புகைபோல் நீரை ஊதிக்கொண்டிருக்கிறது. காற்றில் ஈரம் குறைந்தால் குளோரியாவுக்கு ஆகாதாம். ஆமாம், செடிக்குப் பெயரும் உண்டு. கடைக்குப் போனால் அது தனியாக இருக்குமே என்று ரேடியோவைப் பாடவிட்டுப் போவாள்.

ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். நம் வாய்க்கால் ஓரத்தில், குளித்த தண்ணீர் போய்த் தேங்கும் இடத்தில், யாரையும் கேட்காமல் முளைக்குமே, அந்த ஜாதிதான். இலை கொஞ்சம் கறுப்பு, நரம்பு வெள்ளை. படித்து வேலைக்குப் போன சேம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக் கொல்லையில் சேம்பு வெட்டுவது வருஷா வருஷம் நடக்கும் சண்டை. ஒருமுறை அத்தான் ஆத்திரம் தாங்காமல் கிழங்கோடு தோண்டித் தெருக் கடைசியில் கொட்டிவிட்டு வந்தார். அடுத்த சாரலில் தெருக் கடைசியிலும் முளைத்தது, கொல்லையிலும் முளைத்தது.

இதை மார்கரெட்டிடம் சொன்னேன். மட்டம் தட்டத்தான் சொன்னேன். "எங்கள் ஊரில் இது சாக்கடை ஓரம் வளரும்" என்றேன். அவள் துணியைக் கீழே வைத்தாள். "உங்கள் ஊரில் சாக்கடைகூட அவ்வளவு அழகாக இருக்குமா?" என்று கேட்டாள். தென்காசிச் சாக்கடையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். அன்றிலிருந்து அவள் கண்ணுக்கு நான் செடி வைத்தியன்.

சிரிக்கிறேனே தவிர, அவள் எங்களுக்கு யார் என்பதையும் சொல்ல வேண்டும். வந்த புதிதில் ஒருநாள் நானும் மனைவியும் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் குளிரில் நின்றோம். தெருவில் ஒரு திரைச்சீலை அசையவில்லை. மார்கரெட்தான் உள்ளே கூப்பிட்டு சூப் கொடுத்தாள். மறுநாளே மாற்றுச் சாவி ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டோம். ஊரில் கல்யாணத்துக்கு அழைக்காவிட்டால் கோபித்துக்கொள்ள ஒரு படையே உண்டு. இங்கே எங்களுக்குச் சொந்தம் என்று இருப்பது அந்தச் சாவி ஒன்றுதான். அவளோ அதைப் பத்திரமாக ஆணியில் மாட்டிவிட்டு, எப்போது வந்தாலும் மணியடித்துவிட்டு நிற்பாள்.

ஜூலையில், இங்கே நடுக் குளிர்காலத்தில், அவளுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. குளோரியா எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடவே அந்த எந்திரமும் ஒரு மணி நேர உபதேசமும் வந்தன. சேம்புக்கு எனக்கே வகுப்பா என்று ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டேன். அந்த வாரம்தான் அக்கா போன் செய்தாள். "சாரல் கட்டிருச்சுலே. ரெண்டு நாளா வெயிலே இல்ல. ஐந்தருவில கூட்டம் அள்ளுது. நீ அங்கன போய் என்னத்தப் பாக்குதியோ." போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். மெல்பர்னிலும் பொசுபொசுவென்று தூறல்.

சாரல் விழுந்தால் எங்கள் ஊரில் தொட்டிச் செடிகளை முற்றத்துக்கு எடுத்து வைப்போம். நாங்களே போய் நிற்போம். குடையை விரித்தால் அவன் வெளியூர்க்காரன். சாரலில் நனைந்து கெட்டுப்போன உயிர் ஒன்று உண்டு என்று சொன்னால் தென்காசியில் யாரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை. எந்திரத்தை அணைத்துவிட்டு, "போ, பிழைத்துப் போ" என்று குளோரியாவைத் தூக்கிப் பின்பக்கம் வெட்டவெளியில் வைத்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் ஈரம் வேறு, பனிக்கட்டிக் கடலைத் தாண்டி வரும் ஈரம் வேறு என்பது மண்டையில் ஏறவே இல்லை. இரண்டு ராத்திரி போனது. மறுநாள் காலையில் இலைகள் வெந்த கீரையாகத் தொங்கின.

அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. "ஏலே, சேம்பையா கொன்ன? உங்க அத்தான் கடப்பாரைய வச்சுக்கிட்டு இத்தன வருசமா முட்டுதாவ, அவாளால முடியலயே. வெளிநாட்டுக்குப் போயி நல்லாத்தாம்லே முன்னேறிருக்க." பிறகு, பாவம் பார்த்து, "கிழங்க அமுக்கிப் பாரு. கெட்டியா இருந்தா முளைச்சிரும்" என்றாள். அமுக்கினேன். கெட்டியாகத்தான் இருந்தது.

மார்கரெட் கைத்தடியோடு வந்து தொட்டியைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். தொட்டியின் விளிம்பை ஒருமுறை தடவிவிட்டு, "நோ வொரீஸ்" என்றாள். இந்த நாட்டில் காலை மிதித்தாலும் நோ வொரீஸ், காரை இடித்தாலும் நோ வொரீஸ். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாதானம் ஆகலாம். இதற்கு என்ன பதில் சொல்வது? தொட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். நம்பி விட்டாளா, வேண்டாம் என்று விட்டாளா தெரியவில்லை. அதன்பிறகு வேலை முடிந்து வரும்போதெல்லாம் தபால் பெட்டியைத் திறக்கவே பயமாக இருந்தது. உள்ளே எங்கள் சாவியைத் திருப்பிப் போட்டிருப்பாளோ என்று பயம்.

தொட்டியை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். எந்திரத்தை ஓடவிட்டேன். துடைக்க இலை இல்லாததால் தொட்டியைத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா பேசினாள். கொல்லையில் நின்று பேசினாள் போல, தகரக் கூரையில் சாரல் விழும் சத்தம் அவள் குரலைவிடப் பலமாகக் கேட்டது. என்ன தோன்றியதோ, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கிழங்கின் பக்கத்தில் வைத்தேன். சத்தத்தையும் முழுக்கக் கூட்டினேன்.

அப்போது வாசல் கதவில் சாவி திரும்பியது. "மணியடித்தேன், கேட்கவில்லையா?" என்றபடி மார்கரெட் உள்ளே வந்தாள், கையில் சூப் பாத்திரத்தோடு. முழங்காலிட்டுத் தொட்டிக்குப் போன் காட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். அது என்ன சத்தம் என்று கேட்டாள். எங்கள் ஊர் மழை என்றேன். அவள் சிரிக்கவில்லை. பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள்.

"ஏலே, லைன்ல இருக்கியா? யாருட்டலே பேசுத?" என்று மேலகரத்திலிருந்து அக்கா கத்தினாள்.

"நீ கொஞ்சம் பேசாம இரு, அக்கா" என்றேன். "குளோரியா கேட்டுக்கிட்டு இருக்கு."