யாருடைய விமானம்

நான் இப்போது குடியிருக்கும் ஜெர்மன் சிற்றூரில் மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை யாரும் சத்தம் எழுப்பக் கூடாது. புல் வெட்டும் இயந்திரம் ஓடாது. சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள். ஊருக்கு வெளியே மக்காச்சோள வயல்களுக்கு நடுவில் இருக்கும், ரிமோட்டில் சிறு மாதிரி விமானங்களைப் பறக்கவிடும் எங்கள் கிளப்புக்கும் இதே விதிதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குள் கடைசி விமானமும் புல்தரையில் இறங்கிவிட வேண்டும். அதன்பின் பன்னிரண்டு பதின்மூன்று பேர், பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள், விமானங்களுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, யாராவது சுட்டுக் கொண்டுவந்த கேக்கைத் தின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று மணி ஆவதற்கு ஒரு நிமிடம் இருந்தாலும் எவரும் மோட்டாரைத் தொட மாட்டார். சேர்ந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பயமில்லாமல் இருப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். வானத்தில் ஒன்றும் இருக்காது.

மற்ற நேரத்தில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. விமானத்தைப் பறக்கவிடுவதற்குமுன் ஒருவரை அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். மோட்டாரை மெல்ல ஓடவிட்டு, கையிலிருக்கும் ரிமோட்டை அணைப்பேன். ரிமோட்டின் தொடர்பு அறுந்ததும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். இதற்கு ஃபெயில்சேஃப் என்று பெயர். ஒருமுறை பார்த்தால் போதும். நான் மூன்று முறை பார்ப்பேன். பறத்தலை மேற்பார்வை செய்யும் ஹோர்ஸ்ட், டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர், பல வாரம் இதைக் கவனித்துவிட்டு ஒருநாள் என் தோளைத் தட்டினார். "உங்கள் ஊரில் நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்" என்றார். இல்லை என்று சொல்லத் தொடங்கினால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். என் ஜெர்மனும் அதற்குப் போதாது, துணிவும் போதாது. "ஆமாம்" என்றேன். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் என்னைக் கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே கைதட்டுவதற்குப் பதில் விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். பதின்மூன்று பேர் மேசையைத் தட்டினார்கள். நான் எழுந்து நன்றி சொன்னேன்.

கடலூரில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். எங்கள் கிளப்புக்குப் பெயர் கிடையாது, விதி கிடையாது, மூன்று பேர்தான். திருப்பாதிரிப்புலியூரில் போட்டோ ஃப்ரேம் கடை வைத்திருந்த அந்தோணி என் பள்ளித் தோழன். படங்களுக்குப் பின்னால் வைக்கும் சன்போர்டு அட்டையை அறுக்கும் கத்தியாலேயே இறக்கைகளை அறுப்பான். ரபீக் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு அருகே மொபைல் சர்வீஸ் கடைக்காரர். மோட்டார், ஒயர், ரிசீவர் எல்லாம் அவர் கை. இரண்டு ஊருக்கும் நடுவே, புதுச்சத்திரத்தைத் தாண்டி, ஒரு மனைப்பிரிவு இருந்தது. நுழைவாயில் வளைவு கட்டி, தார்ச்சாலை போட்டு, மனைக்கல் நட்டு, வீடு மட்டும் ஒன்றுகூட வராத இடம். அந்த முப்பதடிச் சாலைதான் எங்கள் ஓடுதளம். ஞாயிறு காலை ஆறரைக்கு அந்தோணியும் நானும் ஒரே பைக்கில், நான் பின்னால் இறக்கைகளை அணைத்தபடி போய்ச் சேருவோம். ரபீக் எதிர்த்திசையிலிருந்து பூரிப் பொட்டலத்தோடு வருவார்.

ஒரு விமானம் முதல்முறை தரையை விடும்போது மூன்று பேரும் கத்துவோம். அந்தோணிக்கு நாற்பது வயது, குதிப்பான். எத்தனையோ கூட்டம், திறப்பு விழா பார்த்திருக்கிறேன். வாரம் முழுக்கப் பசையும் அட்டையுமாகக் கையில் இருந்த பொருள் காற்றில் எழும்பித் திரும்பி நம்மைப் பார்த்து வருவதற்கு ஈடான செய்தி எதையும் நான் எழுதியதில்லை.

"டேய் மச்சான், இது மட்டும் பறந்துச்சு, உனக்கு பைலட் சட்டை தச்சுத் தரேன்" என்பான் அந்தோணி.

"மொதல்ல நேரா வெட்டு" என்பார் ரபீக். "ரெக்கை ரெண்டும் சண்டை போட்ட புருசன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பாக்குது."

எங்கள் விமானங்களில் பெயரோ போன் நம்பரோ இருக்காது. முதல் விமானத்தின் வாலில் அந்தோணி தன் கடை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தான். அது ஒரு வயலில் இறங்கி, யாரோ டிரோன் என்று புகார் சொல்ல, போலீஸ் நிலையத்தில் அவனை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். அதன்பிறகு யோசனை சொன்னவன் நான்தான். "பேரு இல்லன்னா செய்தியே இல்ல. ஒண்ணும் ஒட்டாத" என்றேன். அன்று முதல் மோட்டார் பெட்டியிலிருந்த கம்பெனி லேபிளைக்கூட அந்தோணி கத்தியால் சுரண்டிவிடுவான்.

எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு. என் மனைவிக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை உறுதியாகியிருந்தது. நானும் கூடப் போகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். ரிமோட்டின் உத்தரவை விமானத்துக்குள் வாங்கும் ரிசீவரை ரபீக் அந்த வாரம் மாற்றியிருந்தார். புது ரிசீவரை ரிமோட்டோடு இணைக்கும் நொடியில் ரிமோட்டின் குச்சிகள் எந்த நிலையில் இருக்கின்றனவோ, அதையே அது ஃபெயில்சேஃபாக நினைவில் வைத்துக்கொள்ளும். ரபீக் தன் கடையில் மோட்டாரைச் சோதித்தபடியே இணைத்திருக்கிறார். வேகக்குச்சி பாதியில் இருந்திருக்கிறது. பறக்குமுன் ரிமோட்டை அணைத்துப் பார்த்திருந்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும். பூரி ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கவில்லை.

நான்தான் ஓட்டினேன். மூன்றாவது சுற்றில் ரிமோட்டின் விளக்கு அணைந்தது. உள்ளே செல்களைப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மோட்டார் நின்று விமானம் கீழே மிதந்து வரும் என்று காத்திருந்தேன். மோட்டார் நிற்கவில்லை. விமானம் எங்களுக்கு முதுகைக் காட்டி, யாரோ ஓட்டுவதுபோல நேராக, தெற்கே போனது. அது நன்றாகப் பறந்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது. செல்களை அழுத்தி, ரிமோட்டை உதறி, மறுபடி போட்டுப் பார்ப்பதற்குள் அது ஒரு புள்ளி. பிறகு அந்தப் புள்ளியும் இல்லை. சத்தம் மட்டும் கொஞ்சநேரம் கேட்டது.

இரண்டு பைக்கில் தேடினோம். அந்தப் பக்கம் ரயில் பாதை இருக்கிறது, நெடுஞ்சாலை இருக்கிறது, வீடுகள் இருக்கின்றன. ஒரு கிலோ எடை, முன்னால் சுழலும் விசிறி. யாரையாவது கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்டால் அது எங்களுடையது என்று ஆகிவிடும். ஒரு டீக்கடையில் அந்தோணி பைக்கை நிறுத்தி, "அண்ணே, இந்தப் பக்கம் ஏதாச்சும்…" என்று தொடங்கினான். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "மூணு டீ" என்றான். அந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

எனக்கு வேறு வழி இருந்தது. நிருபர்கள் தினமும் போலீஸ் நிலையங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போன் போட்டு, ஏதாவது உண்டா என்று கேட்பது வழக்கம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த போலீஸ்காரர் போனை எடுத்தார்.

"இன்னா ரிப்போர்ட்டரே, ஞாயித்துக்கெழமைகூட வுடமாட்டியா? ஒரு பொம்பளப்புள்ள வந்திருக்கு. பரங்கிப்பேட்ட ரோட்ல ஸ்கூட்டில போயிருக்கு. பொம்மை பிளேன் ஒண்ணு வந்து அடிச்சிடுச்சாம். இன்னா காலம் பாரு."

போய்ப் பார்த்தேன். செல்வி, இருபத்தாறு வயது, சிதம்பரத்தில் துணிக்கடை வேலை. புருவத்தில் தையல், தோள்பட்டை எலும்பு முறிவு. கண் தப்பியிருந்தது. என் கையில் நோட்டு இருந்தது. அதைப் பார்த்து அவர் பேசினார்.

"பின்னாடி வண்டு மாதிரி சத்தம் வந்துச்சு சார். திரும்பறதுக்குள்ள அடிச்சிடுச்சு. யாரு வுட்டதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க. நீங்க பேப்பர்காரரு, உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

அன்று மாலை அலுவலகத்தில் உட்கார்ந்து சின்னச் செய்தி எழுதினேன். ஊர், பெயர், வயது, காயம் எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரி: "விமானம் யாருடையது என்பது தெரியவில்லை. போலீசார் விசாரித்து வருகின்றனர்." பதினோரு வருட வேலையில் தெரிந்தே நான் எழுதிய ஒரே பொய், அந்த 'தெரியவில்லை'.

பாஸ்போர்ட்டுக்கு நான் கொடுத்திருந்த சொந்த ஊர் முகவரி பரங்கிப்பேட்டைப் பக்கம்; இரண்டு வாரம் கழித்து விசாரணைக்காக அங்கிருந்த போலீஸ் நிலையத்துக்குப் போனேன். "பேர்ல கேஸ் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார் எழுத்தர். இல்லை என்றேன். அவருக்குப் பின்னால் இரும்பு அலமாரியின்மேல், வழக்கு எண் எழுதிய அட்டை கட்டி, எங்கள் விமானத்தின் நீல வால் இருந்தது. அவர் எழுதி முடிக்கும்வரை அதைப் பார்க்காமல் இருப்பதே என் வேலையாக இருந்தது. அதே வாரம் அந்தோணி கடையிலிருந்த எல்லா விமானங்களையும் துண்டு போட்டு ஃப்ரேம்களுக்குப் பின்தட்டியாக வைத்துவிட்டான். திருப்பாதிரிப்புலியூரில் எத்தனையோ கல்யாணப் படங்களுக்குப் பின்னால் எங்கள் இறக்கைகள் இருக்கின்றன. ஆறு மாதத்தில் நான் கிளம்பிவிட்டேன்.

இங்கே வந்தபின் முதலில் தெரிந்துகொண்ட சட்டம் இது: மாதிரி விமானத்தில் உரிமையாளரின் அடையாளம் தீயில் அழியாத தகட்டில் இருக்க வேண்டும். விமானம் எரிந்தாலும் பெயர் எரியக் கூடாது. தகட்டில் என் பெயரைப் பொறிக்கக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தபோது, இந்த நாட்டில் என்னால் ஒளிய முடியாது என்று ஒரு பயமும், ஒளிந்துகொண்டுதான் இங்கே வந்தேன் என்று இன்னொரு பயமும் சேர்ந்தே வந்தன. இரண்டாவது இன்னும் போகவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பழைய நோட்டில் செல்வியின் முகவரியைத் தேடி எடுத்தேன். அந்தோணி தடுத்தான்.

"வேணாம்டா மச்சான். நீ சொல்லிட்டு பிளேன் ஏறிடுவ. நான் இங்கதான் கடை வச்சிருக்கேன்."

அவன் சொன்னது சரி. ஆனாலும் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லி ரபீக் வரவில்லை.

செல்வி வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தையல் மெஷினின் சக்கரத்தில் கையை வைத்தபடி இருந்தார்.

"ஆஸ்பத்திரில வந்து எழுதிட்டுப் போனது நீங்கதான? கொய்யாப்பழம் வாங்கியாந்தீங்க."

"ஆமாம்மா."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அந்தோணி குறுக்கே வந்து, "மன்னிச்சிடும்மா" என்றான்.

"நீங்க யாரு?"

"பிளேன் செஞ்சவன்."

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. அவ்ளோ தூரம் வந்திருக்கே."

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டான். துணிக்கடையில் சேலையை வீசி விரிக்க வேண்டும், கை தோளுக்கு மேல் ஏறவில்லை, ஒரு மாதம் பார்த்துவிட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார் செல்வி. குரல் உயரவில்லை.

"இப்பவும் ஸ்கூட்டி ஓட்டறேன் சார். ரோட்டைவிட மேலதான் ஜாஸ்தி பாக்கறேன். காக்கா பறந்தாகூட பிரேக் புடிச்சிடறேன். பின்னாடி வர்றவன் திட்டறான்."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். செல்வி ரவிக்கையை மடித்து வைத்தார்.

"போலீசு கோர்ட்டுன்னு அலைய எனக்குத் தெம்பில்ல. ஆனா நானே வுழுந்துட்டு கதை கட்டறேன்னு எங்க தெருவுல இன்னமும் பேசறாங்க. யாருதுன்னு தெரியலன்னு பேப்பர்ல போட்டீங்கல்ல? தெரிஞ்சிடுச்சுன்னு போடுங்க."

"நான் இப்ப பேப்பர்ல இல்லம்மா."

"எழுதறவருதான? எங்கியாச்சும் போடுங்க. எம்பேர மாத்தாதீங்க."

இதுதான் அது. புதுச்சத்திரத்துக்கு அப்பால் செல்வி என்பவரைத் தாக்கிய விமானம் யாருடையது என்பது தெரியும். ஓட்டியவன் நான். நண்பர்கள் இருவரின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் சொந்தப் பெயரில்தான் இது வருகிறது. இது அச்சானபின் அடுத்தமுறை சென்னை விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டை வாங்குகிறவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது. இங்கே வீசா அலுவலகம் என்ன கேட்கும் என்றும் தெரியாது. என் மனைவி இதை இரண்டு முறை படித்துவிட்டு டியூட்டிக்குப் போனாள்.

நேற்று ஞாயிறு. மூன்று மணியானதும் ஹோர்ஸ்ட் தலையசைத்தார். என் விமானம் புல்லை விட்டு எழுந்து சோள வயலின்மேல் திரும்பியது. ஓட்டுகிறவன் தன் விமானத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அது எங்கும் முதல் பாடம். பின்னாலிருந்து ஹோர்ஸ்ட், "மேலே பாருங்கள், மேலே!" என்று கத்தினார். வயலுக்கு அப்பால் ஒரு தார்ச்சாலை போகிறது. அதில் யாராவது ஸ்கூட்டியில் வருகிறார்களா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.