காட்டும் ஆண்டவரே என்று கேட்டேன்

கர்த்தரை நம்புகிற என் சகோதர சகோதரிகளுக்கு, ஓடைப்பட்டி எஸ்தர் எழுதுகிறேன். போன ஆடி மாதம் எனக்குத் தூக்கம் போயிற்று. ஓட்டப் பந்தயத்தில் மாவட்ட அணிக்குத் தேர்வாகியிருந்த என் மகள் பெனினா, ஓடி முடித்ததும் சில நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "திடீர்னு தறிகெட்டு அடிக்குதும்மா, அப்புறம் தானா நின்னுருது" என்பாள். அந்த மாதம்தான் எங்கள் வட்டாரத்தில் ஒரு பையன் கபடி ஆடும்போதே விழுந்து செத்தான். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று ஊர் பேச்சை முடித்துக்கொண்டது. என்னால் முடித்துக்கொள்ள முடியவில்லை.

பள்ளியின் பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்து, "ஓட விடுறதுக்கு முன்னாடி ஒரு ஈசிஜி எடுத்துருங்கம்மா" என்றார். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. முந்தின ஞாயிறுதான் சபையில் அவளுடைய ஓட்டப் பந்தய ஷூவின் மேல் கைவைத்து ஜெபித்திருந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு சபை மூப்பர் வந்துவிட்டார்.

"ஏத்தா எஸ்தர், போதகர் ஐயா ஜெபம் பண்ணிட்டாக. அதுக்கப்புறம் டெஸ்ட்டு எடுத்தா அது அவிசுவாசம்த்தா."

என் நாத்தனார் இன்னொரு பக்கம் பிடித்தாள். "வயசுப் பிள்ளைக்கு நெஞ்சுல கோளாறுன்னு பேரு வந்தா எவன் மதினி கட்டுவான்?"

"உசுரோட இருந்தாத்தான கட்டுறதுக்கு?" என்றேன்.

மூப்பருக்கும் எங்களைப் போலத் திராட்சைத் தோட்டம்தான். அவரிடம் கேட்டேன். "ஐயா, நீங்க ஜெபம் பண்ணித்தான கொடி நட்டீக? பின்ன எதுக்குக் காலையில இலையைத் திருப்பித் திருப்பிப் பாக்குறீக?"

நோய் இலைக்கு அடியில்தான் முதலில் தெரியும். அதை எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வாய் பேசிவிட்டதே தவிர, தேனி ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கும் அறைக்கு வெளியே நின்றபோது அந்தத் தைரியம் இல்லை. எல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. "ஆண்டவரே, ஏதாவது இருந்தால் மறைக்காதேயும். இன்றைக்கே காட்டும்" என்று ஜெபித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து ஒரு ஜெபம் செய்ததில்லை.

காட்டினார். டாக்டர் ஈசிஜி தாளை விரித்துப் பார்த்தார். "இதயத்துல கரண்ட் போறதுக்குப் பிறவியிலேயே ஒரு பாதை கூடுதலா இருக்கும்மா. ஓடும்போது தப்பாப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. சரிபண்ணிரலாம். அதுவரைக்கும் ஓடக்கூடாது."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே ஸ்தோத்திரமும் சொன்னேன். அடுத்திருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? டெஸ்ட் எடுக்கப் போனதால்தான் வியாதியே வந்தது என்றது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது. பெனினா மட்டும் வேறொன்று கேட்டாள்.

"மறுபடி ஓட விடுவாகளாம்மா?"

மதுரையில் தொடை வழியாக மெல்லிய கம்பியை விட்டு அந்தப் பாதையை அடைத்தார்கள். கதவுக்கு வெளியே நானும் என் வீட்டுக்காரரும் வாய்விட்டு ஜெபித்தோம். பிறகு திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த டாக்டர், "இனி ஓடலாம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தை மாதம் பெனினா ஓடினாள். இரண்டாவதாகத்தான் வந்தாள். நெஞ்சைப் பிடிக்காமல் நிமிர்ந்து வந்தாள். எனக்கு அது போதும். அவளுக்குத்தான் போதாது, இன்னும் முறைத்துக்கொண்டு திரிகிறாள்.

இந்தச் சாட்சியில் டாக்டரையும் மெஷினையும் விட்டுவிட்டு, ஜெபத்தில் சுகமானாள் என்று மட்டும் எழுதச் சபையில் சொன்னார்கள். மாட்டேன். ஈசிஜி தாளில் வந்த பதிலும் என் ஆண்டவர் கொடுத்த பதில்தான். அதை மறைத்தால் நான் நன்றிகெட்டவள். முன்பெல்லாம் பயத்தில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுவேனோ என்று சுற்றிவளைத்து ஜெபிப்பேன். இப்போது நேராகக் கேட்கிறேன்.

உங்கள் பிள்ளை மைதானத்தில் இறங்குகிறதா? முழங்கால் போட்டு ஜெபியுங்கள். எழுந்ததும் டெஸ்டுக்குக் கூட்டிப் போங்கள். நம்புகிறவனுக்கு உண்மையைப் பார்க்க என்ன பயம்?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மூப்பர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் பேரன் கால்பந்து ஆடுகிறவன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அங்கன தேனியில அந்த டெஸ்ட்டு எந்தக் கிழமைத்தா எடுக்குறாக?"