பர்ஹானா வைத்த இருபத்தொரு நோன்பு

குர்ஷித் பேகம் எங்கள் பக்கத்து வீடு. பேகம்பூரில் விடியற்காலையில் இடியாப்பம் பிழிந்து விற்பவள். கணவர் சாகுல் ஹமீது தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து, நெஞ்சு நோயில் இறந்துவிட்டார். ஒரே மகள் பர்ஹானாவை டீச்சராக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு கிடையாது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் லாத்தா என்று கூப்பிடுவேன்.

2022 ஜனவரியில் பள்ளிக்கூடத்திலேயே கொரோனா தடுப்பூசி போட்டார்கள். பர்ஹானாவுக்குப் பதினாறு வயது. சம்மதத் தாளில் லாத்தாதான் கையெழுத்துப் போட்டாள். நான்காம் நாள் பர்ஹானா பீரோவை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். யாரோ திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நான் போட்ட கையெழுத்துதான் பிள்ளையைக் கெடுத்துச்சு" என்று லாத்தா தலையில் அடித்துக்கொண்டாள். ஊசியின் விஷத்தை இறக்க நத்தத்திலிருந்து கசாயம் வந்தது. முதலில் காட்டிய அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை அவள் பிரிக்கவே இல்லை. இரண்டு மாதத்தில் பிள்ளை எலும்பும் தோலுமானாள்.

மார்ச்சில் மறுபடி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். குறுக்கே பேசமாட்டேன் என்றுதான் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

"ஊசிக்கு முன்னாடி எப்படிம்மா இருந்தா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தங்கமா இருந்தா டாக்டர். போன ரமலான்ல விட்ட களா நோன்பைக்கூட டிசம்பர்ல தானா வச்சு முடிச்சா. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை வைக்குது?"

மாதவிலக்கில் விடுபட்ட நோன்புகளைப் பெண்கள் பிறகு வைத்து ஈடு செய்வார்கள். டாக்டரம்மா தலையாட்டி எழுதப் போனார். நான் குறுக்கே கேட்டேன்.

"எத்தனை விட்டுச்சு லாத்தா?"

"ஏழு. அதுக்கென்ன இப்ப?"

"இருபத்தொரு நாள் வச்சுச்சு. நோன்பு திறக்க மக்ரிப் பாங்கு சொல்றப்ப மாடியிலேருந்து பாப்பேன். நீங்க பேரீச்சம்பழத்தை வச்சுட்டு மாவு மில்லுக்குப் போயிருவீங்க. அது பழத்தைச் சாக்கடையில போட்டுரும். தண்ணியை மோந்து பாத்துக் கொட்டிரும்."

"வாயில்லாப் பூச்சின்னு கூட்டியாந்தா, இம்புட்டும் எண்ணியா வச்சிருக்க?"

டாக்டரம்மா பர்ஹானா பக்கம் குனிந்தார். "தண்ணியில என்னம்மா இருந்துச்சு?"

"மருந்து கலந்திருந்தாங்க."

"எப்பலேருந்து?"

"மழைக்கு லீவு விட்டாங்கள்ல, அப்பலேருந்து."

மழை லீவு நவம்பரில். லாத்தா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊசின்னு எழுதிக் குடுங்க. ஊசின்னா இறங்கிரும். நோவுன்னா என் பிள்ளையை எவன் கட்டுவான்?"

"ஊசிக்குப் பிறகு கூடினதையும் எழுதி அனுப்புறேன், விசாரிப்பாங்க. அது தூண்டிவிட்டுச்சான்னு இந்த ஒரு பிள்ளையை வச்சு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆனா நோய் அதுக்கு முந்தியே வந்திருச்சு. இனியும் மாத்திரை குடுக்கலேன்னா பிள்ளை உங்களுக்கு இல்லம்மா."

பஸ்ஸில் லாத்தா என் பக்கத்தில் உட்காரவில்லை. அன்று சாயங்காலமே மாத்திரை கொடுத்தாள். இன்றுவரை ஒரு வேளை தவறியதில்லை. பர்ஹானா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். படிப்பு நின்றுவிட்டது. இருவரும் என்னோடு பேசுவதில்லை.

கேட்பவர்களிடம் லாத்தா இன்னமும் ஊசி என்றுதான் சொல்கிறாள். அதை நம்பி எங்கள் தெருவில் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த ஊசியும் போடுவதில்லை. நான் வாயைத் திறந்தால் பர்ஹானாவுக்கு வரன் வராது. திறக்காததால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வருமோ, தெரியவில்லை.