கழுவியிருக்கக் கூடாத பானை

எந்தப் பாத்திரத்தைக் கழுவ எடுத்தாலும் பளிச்சு முதலில் அதற்குள் முகத்தை நுழைத்து ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள். பதினோரு வருஷமாக இதே வழக்கம். "சமைச்சதே நீதானே? மோந்து வேற பாக்கணுமா?" என்று கணவர் கிண்டல் செய்வார். அவள் முகர்ந்து முடித்த பிறகுதான் குழாயைத் திறப்பாள்.

பளிச்சு என்ற பெயர் அகழாய்வுக் குழியில் வைத்தது. அவள் தெருவுக்குப் பின்னால் ஆய்வாளர்கள் தோண்டத் தொடங்கியபோது தெருப் பெண்களையே வேலைக்கு எடுத்தார்கள். மண்ணிலிருந்து வரும் பானை ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து நிழலில் உலர்த்துவது அவள் வேலை. அவள் கை பட்ட ஓடு, நேற்றுத்தான் சூளையிலிருந்து வந்தது போல இருக்கும்.

ஒரு நாள் உடையாத முழுப் பானையே வந்தது. உள்ளே அடியில் கறுப்பாகத் தீய்ந்து ஒட்டியிருந்தது. அடிப்பிடித்த பானையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்குமா? ஊறவைத்துச் சுரண்டித் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

ஆய்வாளர் அம்மா நிமிர்த்திப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"உள்ள இருந்த கறுப்பு எங்கம்மா?"

"போயிடுச்சு மேடம். ஒரு பொட்டு விடல."

"அதை வெச்சுத்தான் என்ன சமைச்சாங்கன்னு கண்டுபிடிக்க நினைச்சேன். தப்பு என்னோடது. முன்னாடியே சொல்லியிருக்கணும்."

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தி அடுப்பை மறந்து பராக்குப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவள் வீட்டில் என்ன சாப்பாடு? அதைச் சொல்ல இருந்த தடயத்தைத் தன் கையாலேயே சாக்கடையில் ஊற்றிவிட்டோமே என்று பளிச்சு மறுகினாள். இப்போது அதே தெருவின் அருங்காட்சியகத்தில் கண்ணாடி துடைக்கிறாள். அந்தப் பானையைப் பற்றிக் கேட்பவர்களிடம் எதையும் மறைப்பதில்லை.

இன்னொரு பானையும் உண்டு. குழியின் ஓரச் சுவரில் அதன் விளிம்பு மட்டும் தெரிந்தது. மீதி, குழியை ஒட்டிய வீட்டில், பளிச்சுவின் அண்ணியுடைய சமையலறைத் தரைக்குக் கீழே. அதன் அடியிலும் தீய்ந்தது ஒட்டியிருக்கும் என்பது பளிச்சுவின் நம்பிக்கை. வீட்டுக்குச் சொந்தக்காரர் சம்மதிக்காமல் தோண்டக் கூடாது என்பது தெருவும் அருங்காட்சியகமும் சேர்ந்து போட்ட விதி. அந்தக் கூட்டத்தில் பளிச்சுவும் கை தூக்கியவள்தான்.

"ஒரு ஓரமா மட்டும் அண்ணி. அவங்களே திரும்பப் பூசிக் கொடுத்துடுவாங்க."

"எவளோ தீய விட்டதுக்கு என் தரையை ஒடைக்கணுமா? நானும்தான் தீய விடறேன். அதை யாராவது கண்ணாடிப் பெட்டியில வெச்சீங்களா?"

"நீங்க என்ன சமைச்சீங்கன்னு எனக்குத் தெரியுமே அண்ணி. அவ என்ன சமைச்சாள்னுதான் தெரியல."

அண்ணி அடுப்பைத் தணித்தாள். பிறகு, "பாக்கலாம், போ" என்றாள்.

குழியை மணல் போட்டு மூடி ஒன்பது வருஷம் ஆகிறது. சம்மதப் படிவம் அண்ணி வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, கிழித்தும் போடவில்லை.